குடைக்கு நாலு வரி

“எழுதி வெச்சுப் பாடுறவன் ராப்பரே இல்ல. தலைப்பு கொடுங்க, மேடையிலேயே கட்டிப் பாடறேன்!”

பேட்டிகளில் ராப் பாடகனான கணவன் இப்படிச் சவால் விடும்போதெல்லாம் பூரித்துப்போனவள்தான். இன்று அவன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நோட்டு கையில் சிக்க, பிரித்துப் பார்த்தாள்.

குடை, லிஃப்ட், பல்வலி... தலைப்பு வாரியாக வரிகள்!

‘அத்தனையும் மனப்பாடமா? ஊரையே ஏமாத்திட்டு இருக்காரா இந்த மனுஷன்?’

நோட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, அன்றைய நிகழ்ச்சியில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

“குடை!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

‘மாட்டினாரு!’ அவள் குடைப் பக்கத்தைப் பிரித்தாள். நாலு வரி இருந்தது. மேடையில் அவன் ஒரு கணம் தடுமாறி, சட்டென்று பிடித்துக்கொண்டு பொழிந்து தள்ளினான். அரங்கமே அதிர்ந்தது. அந்த நாலில் ஒரு வரிகூட வரவில்லை. லிஃப்ட்டுக்கும் அதே கதைதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நோட்டை அவன் மடியில் போட்டாள். “என்னங்க இது?”

அவன் அசடு வழிந்தான். “எல்லாம் ஏற்கெனவே பாடினதும்மா. ஒரு தடவை சொன்னது மறுபடி வாயில வந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சுடுவேன்.”

சந்தேகம் தீராமல் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

‘நீ சிரிச்சா போதும், வீட்டுக்கு லைட்டே வேணாம்.’

காதலிக்கும்போது அவளிடம் அவன் சொன்னது!

“அதான் பன்னெண்டு வருஷமா இன்னொரு தடவை சொல்லலையா?”

பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள்.

“இப்போ சொல்லுங்க!”