முப்பது வருட ஊழியம்

இந்தக் காலத்து ஜனங்கள், ஒருவன் கூட இருக்கும்வரை அவனை ஏன், என்ன என்று கேட்க மாட்டார்கள். கிளம்புகிறேன் என்றால் மட்டும் கண்ணைக் கசக்குவார்கள். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஓய்வுபெற்ற அன்று அதுதான் நடந்தது.

“முப்பது வருஷ ஊழியம்! நீங்க போயிட்டா எங்க ஞாயித்துக்கிழமை என்னய்யா ஆகும்?” என்று தையல்காரர் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெசமாவே எனக்காகத்தான் அழறீங்களா?” என்றார் பெரியவர்.

“சத்தியமா! வாராவாரம் எங்களைக் காப்பாத்தினது நீங்கதானே!” என்றார் டீச்சரம்மா.

அப்போது போதகர் உள்ளே வந்தார். எல்லோரும் கப்சிப்.

“பாவம் பெரியவர்! இந்த மைக் செட்டோட எவ்வளவு மல்லுக்கட்டினார்! நான் பிரசங்கம் ஆரம்பிச்சா, சரியா அரைமணியில அது செத்துடும். கடைசிவரை கோளாறே பிடிபடல” என்றார் போதகர்.

இத்தனை வருடம் சுவிட்சை அணைத்த விரலைப் பெரியவர் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“இனி கவலையில்ல. பேட்டரி மைக் வாங்கிட்டேன். சாயந்திரம் வரைக்கும் தாங்கும். சுவிட்சும் என் கையிலதான்!” என்றார் போதகர்.

கூடமே ஓவென்று அழுதது.

“இதுவும் உங்களுக்காகத்தான்யா!” என்றார் தையல்காரர், மூக்கைச் சிந்தியபடி.

“ஆமா, ஆமா” என்று சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு, பெரியவர் விடுவிடுவென்று வெளியே நடந்தார். ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட அவர் நம்பவில்லை.