தாங்கும் எடை

தூண்டில் முள் எதிலோ மாட்டியது.

பாறை என்றுதான் முதலில் நினைத்தான். பவானி ஆற்றில் பாறைக்கா பஞ்சம்? காலையிலிருந்து ஏழு முறை மாட்டி, ஏழு முறையும் கயாக் படகைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறான்.

ஆனால் பாறை இழுத்தால் வராது.

இது வந்தது. ஒரு சாண்.

பிறகு அந்த ஒரு சாணையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

மணி மூன்று. நல்ல வெயில். எதிர்க்கரையில் யாரோ எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கான நேரமே இல்லை அது.

அவனுக்குப் பயமாக இருந்தது.

தம்பி லோகநாதன் இந்த மடுவில் போய் இன்றோடு பதினொரு நாள். முகம் கழுவத்தான் இறங்கினான். மூன்றாம் நாள் தானே மிதந்து வரும் என்றார்கள். வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் பாதாளக் கரண்டி போட்டு நான்கு நாள் துழாவிவிட்டுக் கையை விரித்தார்கள்.

உடல் கிடைக்காமல் காரியம் செய்ய முடியாது என்றார்கள் பெரியவர்கள். காரியம் ஆகாதவரை லோகநாதனின் மனைவி கோகிலவாணி தினமும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். இரண்டு பேருக்குச் சமைக்கிறாள். இரண்டு தட்டு வைக்கிறாள். இதுவரை ஒரு சொட்டு அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள்.

ஊர் ஒரு மாதிரிப் பேச ஆரம்பித்திருந்தது. அவனுக்கு அதுகூடப் பெரிதில்லை. அந்த இரண்டாவது தட்டைத்தான் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் கயாக்.

பரிசல் சரிப்படாது. நின்ற இடத்தில் நிற்காது, சுற்றும். கோயம்புத்தூரில் ஒரு கடையில் அரை நாள் நின்று பார்த்தான். நீளமானது வேகமாகப் போகும், பாறைகளுக்கு நடுவே திரும்பாது. காலால் மிதிக்கிற வகை, ஆழம் குறைந்த இடத்தில் அடி தட்டும். கடைசியாகப் பத்தடியில் ஒன்று. அகலமானது, மேலே திறந்தது. எழுந்து நின்றாலும் கவிழாது என்றார் கடைக்காரர். எவ்வளவு எடை ஏற்றுவீர்கள் என்று கேட்டார்.

தன் எடை எழுபத்தொன்று. லோகநாதன் அறுபத்து மூன்று. நனைந்த துணிக்கு ஒரு நாலு கிலோ.

நூற்று முப்பத்தெட்டு என்றான்.

“பவானியில அத்தனை பெரிய மீனுங்களா!” கடைக்காரர் சிரித்தார்.

அவனும் சிரித்து வைத்தான்.

முதல் நாள் இரண்டு முறை விழுந்தான். நங்கூரத்தை நடுவில் கட்டியதால் வந்த வினை. ஓட்டம் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிட்டது. கயாக்கின் மூக்கில் கட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டான். பிறகு மடுவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டான். ஒவ்வொரு கட்டத்திலும் முப்பது முறை தூண்டிலை வீசினான்.

இது நான்காவது நாள். பதினாறாவது கட்டம்.

நங்கூரக் கயிறு தொய்ந்து கிடந்தது. கயாக் நீரோட்டத்தை எதிர்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. துடுப்பு அவன் மடியில் இருந்தது.

தூண்டில் நரம்பைச் சுற்றினான்.

முதலில் சட்டையின் கை தெரிந்தது. பச்சைக் கட்டம். லோகநாதன் அன்று போட்டிருந்தது.

பிறகு கை.

பதினொரு நாள் தண்ணீரில் கிடந்த கை எப்படி இருக்கும் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தான். அப்படி இல்லை. ஊதவில்லை. வெளுக்கவில்லை. நகங்கள் புதிதாக வெட்டப்பட்டிருந்தன.

முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறியிருந்தது. அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. நல்ல சிவப்பு.

விரல்கள் மடங்கின.

நரம்பைப் பிடித்துக்கொண்டன. இழுத்தன.

கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வழிந்தது.

இதற்குத்தானே வந்தான். நீட்டினால் எட்டும் தூரம். பதினொரு நாளாகச் சாமியிடம் கேட்டது இந்தக் கையைத்தான்.

கத்தியை எடுத்து நரம்பை அறுத்தான்.

கை அவசரமில்லாமல் உள்ளே இறங்கிப் போனது.

கயாக் நிமிர்ந்தது. எதிர்க்கரையில் எருமை மேலேறிக்கொண்டிருந்தது. எருமைக்காரர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எப்படிக் கரை சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. கயாக்கை மணலில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தான். நடக்க நடக்கப் பயம் இறங்கி, வெட்கம் ஏறியது. சொந்தத் தம்பி. கையில் தைத்த முள்ளோடு விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

கோகிலவாணியிடம் பொய் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். மடுவில் எதுவும் இல்லை. ஆறு எங்கோ கொண்டுபோய்விட்டது. பெரியவர்களிடம் பேசி, உடல் இல்லாமலே காரியத்தை முடித்துவிடலாம். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு இந்தத் தைரியம் இருக்காது.

தம்பி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பொட்டு அப்படியே இருந்தது.

“அம்மிணி, ஆத்துல ஒண்ணுமே இல்ல. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்.”

குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

அவள் கையைக் காட்டி அமர்த்தினாள். பின்னால் இருந்த அறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

“மெதுவாப் பேசுங்க மாமா. முள்ளு ஆழமா ஏறியிருந்துச்சுங்க. கட்டுப் போட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு.”



அவன் சத்தம் வராமல் செருப்பைக் கழற்றினான்.