ஓரத்துக் குழாய்

வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பால் ஊற்றிய கண்ணாடிக் குழாய்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நீலச் சாயம். நல்ல பால் மாலைவரைகூட நீலமாகவே இருக்கும். கிருமி மண்டிய பாலில் சாயம் சீக்கிரமே வெளுத்துப்போகும். காலை வெயில் குழாய்களின் விளிம்பில் பளபளக்கிறது, தொட்டி குறட்டை விடுகிற மாதிரி உறுமுகிறது. பரிசோதகி குழாய்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பால்காரர் இருப்புக்கொள்ளாமல் நிற்கிறார். இதில் தேறினால் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இனி அவர் பால்தான். ஓரத்துக் குழாய் அவருடையது. அது மட்டும் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே ஏறுகிறது. அவர் முகம் மலர்கிறது. பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளித் தலையை நீட்டுகிறார். "பாத்தீங்களாம்மா, மத்தவங்க பாலெல்லாம் இன்னும் நீலமாவே கெடக்கு, நம்ம பால் மட்டும் பளிச்சுன்னு வெளுத்துடுச்சு!" "அண்ணே, கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க" என்கிறாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரிசு வாங்க மேடையேறுகிறவர்போல் வருகிறார். அவள் முகம் வாடியிருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. குனிந்து குழாயை உற்றுப் பார்க்கிறார். மேலே மட்டும் நீலம் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அட, இந்தத் துளி நீலத்துக்கா இவ்ளோ கவலை?" என்கிறார் ஆறுதலாக. "இதுவும் இப்பப் போயிடும், பாருங்கம்மா."