வளையலுக்கு வழிவிட்ட பட்டை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தது. இந்தப் பக்கம் அருள்விழியின் ரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளையின் ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் ஆஸ்பத்திரிச் சுவர்த்திரை விடுவதாயில்லை. கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை எகிறியிருக்கிறது, பிள்ளைக்குத் தொற்று வரலாம், யாரும் தொடக் கூடாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

"அது என் சர்க்கரையே இல்ல சிஸ்டர்!" என்று வெடித்தாள். "வளைகாப்பு வளையல் ஏறணும்னு, சர்க்கரை பாக்குற பட்டையக் கையிலேர்ந்து கழட்டினோம். சும்மா வச்சா கத்துமேன்னு என் நாத்தனார் கையில கட்டிவிட்டோம். அன்னையிலேர்ந்து அவங்க கையிலதான் இருந்துச்சு. அவங்க லட்டு தின்னதுக்கு என் புள்ளையப் பூட்டி வைப்பீங்களா?"

நர்ஸ் அதை அப்படியே திரையிடம் சொன்னாள். திரை தன் கணக்கைத் திருத்திக்கொண்டது.

"அப்படியானால் தாயின் சர்க்கரை நமக்குத் தெரியாது. தெரியாவிட்டால் ஆபத்து அதிகம். தனிமைக் காவல் இருமடங்காகிறது."

அருள்விழி ஆத்திரம் தாங்காமல் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கை நிறைய வளையல்கள் குலுங்கின. வயிற்றுக்குள் கேட்டுப் பழகிய சத்தம். பிள்ளை சட்டென்று அவள் பக்கம் தலையைத் திருப்பியது.

நர்ஸ் தயங்கித் தயங்கி ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"வளையல்ல கிருமி இருக்குமாம். கழட்டச் சொல்லுதும்மா."