சனிக்கிழமைக் கையெழுத்து

மண்டப வாசலில் கோதுமைக் கதிர் வளையம் தொங்கியது. மேசைக்கு மேசை பூ வைத்திருந்தார்கள். ரவிச்சந்திரனின் கண்ணில் அதெல்லாம் படவே இல்லை. இருபது கொப்பி நோட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி, விசாரணைக்கு வந்தவர் மாதிரி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"இண்டைக்கு உன்னைக் கௌரவிக்கப் போகினமடா. இந்தப் பையை ஏன் காவிக்கொண்டு வந்தனி?" பக்கத்தில் இருந்த ராசன் கேட்டார்.

"கௌரவமோ? இருபது வருசத்தையும் கிண்டப் போகினம் அண்ணை. ஒரு பிழை பிடிச்சாலும் என்ரை விசா போச்சு."

ராசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எண்பத்தாறில் ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்து, மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்த ரவிச்சந்திரனை ராசன்தான் விசா கொடுக்கும் கந்தோருக்கு இழுத்துப் போனார். மொழிபெயர்ப்பும் அவர்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா கடதாசியில் முத்திரை குத்தித் தள்ளிவிட்டு, இரண்டே இரண்டு சொல் சொன்னார். அதை ராசன் தமிழில் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. ஜெர்மன்காரரின் டொச் எவ்வளவு சிக்கனமான பாஷை என்று ரவிச்சந்திரன் அன்றைக்கு வியந்துபோனார்.

விஷயம் இதுதான். ராசன் வேலை செய்த பண்ணைக்குப் பக்கத்தில் விவசாய இளைஞர் சங்கம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் வேலை செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு சனி தவறினாலும் விசா கிடையாது.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம். உருளைக்கிழங்கு கிண்டினார், மாட்டுக் கொட்டில் கழுவினார், அறுவடை விழாவுக்கு வாங்குப் பலகைகள் அடுக்கினார். வேலை முடிந்து மற்றவர்கள் பியரோடு குந்தும் நேரம், யார் தலைவராக இருந்தாலும் அவரிடம் கொப்பியை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ" என்று அவர்கள் கூப்பிடுவதும் கட்டளைக்குள் சேர்ந்ததா என்று தெரியாமல், தலையை ஆட்டிவிட்டு ஓடுவார்.

வீட்டில் ஒரு கட்டில், ஒரு ரைஸ் குக்கர். ஞாயிறு முழுக்க அவர் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டும்தான்.

விசா மட்டும் தவறாமல் கிடைத்துக்கொண்டே வந்தது. கந்தோரில் கொப்பியைக் கேட்டவர் எவருமில்லை. இவர்தான் கண்ணாடிக்கு முன்னால் விரித்துப் பிடிப்பார், அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இடறியது ஒரேயொரு கையெழுத்து. தொண்ணூற்று மூன்றில், ஊரிலிருந்து அம்மா செத்த செய்தி வந்த சனிக்கிழமை, அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. அன்றைய கையெழுத்தை அவரே போட்டார். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? பதின்மூன்று வருஷம் கழித்து, இதோ கூப்பிட்டுவிட்டார்கள்.

பெயர் ஒலித்தது. பையோடு மேடை ஏறினார்.

"இந்த மண்ணில் பிறந்த நாங்களே மழைக்கும் பனிக்கும் வீட்டில் நின்றிருக்கிறோம்" என்றார் சங்கத் தலைவர். "இவர் இருபது வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணாடிச் சட்டம் போட்ட நன்றிப் பத்திரத்தைத் தலைவர் நீட்டினார். ரவிச்சந்திரன் அதை வாங்கவில்லை. பைக்குள் கைவிட்டு எட்டாவது கொப்பியை எடுத்து விரித்தார்.

"இது நான் போட்ட கள்ளக் கையெழுத்து. அன்றைக்கு என் அம்மா இறந்துபோனார். தண்டனை எதுவானாலும் தாருங்கள், விசாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்." தெரிந்த டொச்சில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கைதட்டல் அடங்கியது. தலைவர் கொப்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன விசா? இங்கே யாரையும் யாரும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லையே. விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் வீட்டிலேயே நிற்கலாம். வேலை முடிந்ததும் கையெழுத்து வாங்குவது உங்கள் ஊர் வழக்கம் என்றல்லவா நாங்கள் நினைத்தோம்!"

ரவிச்சந்திரனுக்குத் தலை சுற்றியது. ஆயிரம் சனிக்கிழமை! ஒருவரும் கேட்காத கையெழுத்துக்காகக் காய்ச்சலோடும் ஓடி வந்திருக்கிறார். மேடையிலிருந்து இறங்கி நேரே கடைசி வரிசைக்கு வந்தார்.

"அண்ணை, அந்தக் கந்தோர் அம்மா அண்டைக்கு என்னதான் சொன்னவ?"

ராசன் நிலத்தைப் பார்த்தார். "'அடுத்த ஆள்' எண்டு சொன்னவ."

"அப்ப இந்தச் சங்கம்? கையெழுத்து? ஒரு சனி தவறினாலும் விசா இல்லையெண்டது?"

ராசன் தலையை நிமிர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்த அறைக்குள்ள நீ தனியக் கிடந்து செத்துப்போவாய் எண்டு பயந்து, நான்தானடா சொன்னனான்."