பத்து பவுண்டு

1963-ஆம் ஆண்டுக் கோடையில், சேலம் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த சென்னை மருத்துவ மாணவர்களுக்கு டாக்டர் கஸ்பார் பிளாஸ்டிக் சர்ஜரி பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தை. உதட்டை எப்போ தைக்கலாம்?"

"மூணு மாசம் முடிஞ்சு, எடை பத்து பவுண்டு ஆனதும் சார்," என்றாள் ரோசி.

"அதுவரைக்கும் தாய்க்கு எப்படித் தைரியம் சொல்வீங்க?"

"தைச்ச குழந்தைங்க போட்டோவைக் காட்டணும் சார்."

"சபாஷ். பரமத்தி வேலூர் ஆராயிக்கு அப்படித்தான் காட்டினேன். அழுதுகிட்டு வந்தவ சிரிச்சுட்டுப் போனா. இன்னிக்குக் குழந்தையோட வர்றா. நேர்லயே பாருங்க."

"பிளாஸ்டிக் வெச்சு ஒட்டிடுவோம்னு பயந்துடப் போறாங்க சார்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ரோசி எடை பார்க்கும் தராசில் துண்டை விரித்தாள்.

ஆராயியும் அவள் கணவன் செல்லமுத்துவும் ஒரு வாழைத்தாருடன் உள்ளே வந்தார்கள்.

"குழந்தை எங்கே?" என்றார் டாக்டர்.

"போன மாசமே தவறிப்போச்சுங்க," என்றான் செல்லமுத்து. "சொன்ன நாளுக்கு வராம இருக்கக் கூடாதுங்களே, அதானுங்க வந்தோம். இது உங்களுக்குன்னு விட்ட தாருங்க."

ரோசி தராசிலிருந்து துண்டை எடுத்தாள்.

"காய்ச்சலா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க," என்றாள் ஆராயி. "எடை ஏறவே இல்லீங்க. மார்ல உறிஞ்சத் தெரியல. கால்ல படுக்கப் போட்டுச் சங்குல ஊட்டுனேனுங்க. ஊத்துனதெல்லாம் மூக்குல வந்துருச்சுங்க."

"படுக்கப் போட்டா? நிமிர்த்தி உட்கார வெச்சில்ல ஊட்டணும்!"

ஆராயி அவரையே பார்த்தாள்.

"அப்படி ஊட்டியிருந்தா இறங்கியிருக்குமுங்களா? நீங்க போட்டோ மட்டுந்தானுங்க காட்டுனீங்க."