விளக்கு வெச்சாச்சு

"விளக்கு வெச்சப்புறம் தயிர் குடுக்கக் கூடாது மமதா. வீட்டுக்குப் போ."

மௌரீன் ஆன்ட்டி கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்திருந்தார்.

மமதா காலிக் கிண்ணத்தோடு நின்றாள். ஏழு மாத வயிறு. துணிக்கடை பில் கவுண்டரில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்.

"நீங்க எப்போ ஆன்ட்டி இதெல்லாம் பார்க்க ஆரம்பிச்சீங்க?"

"உங்க அத்தைதானே சொல்லிக்குடுத்தாங்க?"

கதவு சாத்திக்கொண்டது. அந்த வீட்டில் விளக்கு என்றால் மாதா படத்துக்கு மேலே எரியும் சிவப்பு பல்பு ஒன்றுதான். அது காலையிலும் எரியும், ராத்திரியும் எரியும்.

மமதா நாலடி தள்ளியிருந்த தன் வீட்டுக்கு வந்து கிண்ணத்தைத் தொம்மென்று வைத்தாள்.

"என்ன, தயிர் இல்லையா?" என்றான் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சரவணன்.

"விளக்கு வெச்சாச்சாம்."

"யாரு வீட்ல?"

"ஆன்ட்டி வீட்ல."

சரவணன் சிரித்தான். "போற போக்கைப் பார்த்தா நாளைக்கு வாசல்ல கோலம் போடுவாங்க."

மமதாவுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

இரும்புச் சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வயிறு கல்லாகக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னார்: "குடலுக்கு நல்லது செய்யற கிருமி தயிர்லயே இருக்கு. தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடு. அதுக்கும் சரியாகலைன்னா இந்த ப்ரோபயாட்டிக் மாத்திரையை வாங்கிக்கோ."

வீட்டில் உறை ஊற்றினால் இந்தக் குளிருக்குப் பால் காலையிலும் பாலாகவே இருந்தது. பாக்கெட் தயிரின் வாசனை குமட்டியது. மௌரீன் ஆன்ட்டிதான், "நான் கேக் சுட்ட சூட்டுல ஓவனுக்குள்ள வெச்சா கல்லு மாதிரி உறையும், நீ கிண்ணத்தை மட்டும் கொண்டா" என்றார். அதைச் சாப்பிட்ட பிறகுதான் வயிறு கொஞ்சம் வழிக்கு வந்தது.

"செவ்வாய்க்கிழமைகூட ராத்திரி ஒன்பது மணிக்குக் குடுத்தாங்க. நேத்து கல்யாணத்துக்கு அத்திபெலே போயிட்டு வந்தாங்க, இன்னைக்கு விளக்காம்" என்றாள் மமதா. "எல்லாம் உங்க அம்மாவால வந்தது."

"எங்கம்மா ஊர்ல சிவனேன்னு இருக்காங்க. அவங்களை ஏன் இழுக்கறே?"

"போன மாசம் வந்திருந்தப்போ, ஆன்ட்டி ஒரு டம்ளர் பால் கேட்டாங்கல்ல? 'விளக்கு வெச்சாச்சு, வெள்ளிக்கிழமை வேற, குடுத்தா லட்சுமி போயிடுவா'ன்னு வெறுங்கையோட அனுப்பினாங்களே உங்கம்மா. அதை மனசுல வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுக்கறாங்க."

"சேச்சே, ஆன்ட்டி அப்படிப்பட்டவங்க இல்ல."

"அங்கிளுக்கு ஜுரம் வந்து படுத்தப்போ இந்த வயித்தோட போய்க் கஞ்சி காய்ச்சிக் குடுத்து, வேணாம் வேணாம்னாலும் கேக்காம வீடு துடைச்சுட்டு வந்தேன். அதெல்லாம் மறந்து போச்சு பாருங்க."

அன்று ராத்திரி வெறும் ரசச் சோறு. பாதியிலேயே கை கழுவினாள்.

காலையில் மனசு கேட்கவில்லை. மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை கதவே திறக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை மமதா. தயிர் குடுத்தா லட்சுமி போயிடுவா."

சந்தேகமே இல்லை. அத்தை சொன்ன அதே வார்த்தை.

"உங்க வீட்டுக்கு லட்சுமி எப்போ ஆன்ட்டி வந்தா?"

திரை இன்னும் இழுத்து மூடிக்கொண்டது.

காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். வேலைக்குக் கிளம்பினாள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். வயிறு மறுபடியும் இறுகிவிட்டது. பில் போடும்போது ரெண்டு தடவை தப்பு வந்து மேனேஜரிடம் பேச்சும் வாங்கினாள்.

சாயங்காலம் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கவுண்டரில் ஓஸ்வால்ட் அங்கிள் நின்றிருந்தார். மௌரீன் ஆன்ட்டியின் வீட்டுக்காரர். ரெண்டு நாள் தாடி. முகம் வற்றியிருந்தது.

அவளைப் பார்த்ததும் ரெண்டடி பின்னால் போனார்.

"அங்கேயே நில்லு மமதா. கிட்ட வராதே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களுமா அங்கிள்? தயிர் கேக்கறதை இன்னையோட விட்டுட்டேன், பயப்படாதீங்க."

கடைக்காரர் உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டுகளைக் கவுண்டரில் குவித்தார். "இன்னேனு பேக்கு, வேற என்ன வேணும் அங்கிள்? வாந்திக்கும் குடுக்கவா?"

"ரெண்டுக்கும் குடுப்பா."

மமதா பாக்கெட்டுகளைப் பார்த்தாள். அங்கிளைப் பார்த்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

அங்கிள் தலையைச் சொறிந்தார். "மௌரீன் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. பரவால்ல. கல்யாண வீட்டுச் சாப்பாடும்மா. எனக்கு நேத்தே நின்னுடுச்சு. அவதான் இன்னும் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்துக்கிட்டிருக்கா. இந்தக் கையால உறை ஊத்தின தயிர் மாசமா இருக்கிற பொண்ணு வயித்துக்குள்ள போகக் கூடாதுன்னு, இருந்த பாலையும் கொட்டிட்டா."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? கஞ்சி காய்ச்சி எடுத்துக்கிட்டு உள்ள வந்துடுவே. துடைக்கத் துணி எங்கன்னு கேப்பே. 'அந்தப் பொண்ணு சொன்னா நிக்காது ஓஸ்வால்ட், கோவம் வந்தாத்தான் நிக்கும்'னு சொன்னா."

அங்கிள் தள்ளி நின்றபடியே சிரித்தார்.

"எங்க மாதாவைச் சொன்னா உனக்கு எங்க கோவம் வரும்? அதான் உங்க அத்தைகிட்டேருந்து லட்சுமியை ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கிக்கிட்டா."